வரைபடத்தில் முதலில் விழ வேண்டிய கோடு

2021ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில், நீலகிரி மலையின் வட அடிவாரத்திலுள்ள மசினகுடியில், தங்கும் விடுதி ஒன்றின் அருகே இரவில் வந்து நின்ற ஆண் யானையின்மீது தீப்பற்றிய டயரை எறிந்தார்கள் என்பதும், காது வெந்து புண்ணாகி அலைந்த அந்த யானை தெப்பக்காடு முகாமுக்கு லாரியில் கொண்டுசெல்லப்படும் வழியிலேயே 19ஆம் தேதி உயிர்விட்டது என்பதும், பிறகு கைபேசிகளில் பரவிய காட்சி ஊரையே உலுக்கியது என்பதும் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். சம்பந்தப்பட்டவர்கள் கைதானார்கள், அனுமதியின்றி நடந்துவந்த விடுதிகள் பலவற்றுக்குப் பூட்டு விழுந்தது, தலையங்கங்கள் வந்தன, பிறகு விஷயம் ஆறிப்போயிற்று. மனிதன் இவ்வளவு குரூரமாக நடந்துகொள்ளலாமா என்று அன்று எல்லோரும் கேட்டோம். யானை நடமாடும் அந்த இடத்திலே விடுதி எப்படி வந்தது, மனை பிரித்துக் கொடுத்தவர் யார், மின் இணைப்புக்குக் கையெழுத்திட்டவர் யார், அந்த நிலத்தை இன்னின்ன காரியத்துக்குத்தான் உபயோகிக்கலாம் என்று சர்க்கார் ஏடு எதிலாவது எழுதி வைத்திருந்ததா என்ற கேள்விகளை அநேகமாக யாரும் கேட்கவில்லை. குரூரத்துக்குத் தண்டனைச் சட்டம் இருக்கிறது. மற்றக் கேள்விகளுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது நில உபயோகத் திட்டம்.

மலைப் பிரதேசங்களில் வனவிலங்குகளின் வழித்தடங்களைக் காப்பது வனத்துறையின் காரியம் என்றும், ஊரும் சாலையும் எங்கே அமைய வேண்டும் என்று நிர்ணயிப்பது நகர் ஊரமைப்புத் துறையின் காரியம் என்றும், இரண்டுக்கும் நடுவே தகராறு வந்தால் தீர்த்து வைப்பது நீதிமன்றத்தின் காரியம் என்றும் மூன்றாகப் பிரித்து வைத்துக்கொண்டு அரை நூற்றாண்டைக் கழித்துவிட்டோம். இந்தப் பிரிவினையே தவறு என்பது என் அபிப்பிராயம். வழித்தடம் என்பது ஒரு பிரதேசத்தின் நில உபயோகத் திட்டத்தில் சாலைக்கும் மனைப்பிரிவுக்கும் முன்னதாக வரையப்பட வேண்டிய கோடு. கட்டடம் எழும்பிய பிறகு அதை வரையப் புகுந்தால் விலங்குக்கு விமோசனம் கிடைப்பதும் சந்தேகம், மனிதனுக்கு நியாயம் கிடைப்பதும் சந்தேகம். இதற்குச் சீகூர் பீடபூமியைக் காட்டிலும் தெளிவான திருஷ்டாந்தம் தேசத்திலேயே வேறொன்று இருக்குமா என்பது ஐயம்தான்.

சீகூரின் பூகோளத்தைக் கொஞ்சம் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். தெற்கே நீலகிரி மலை ஆயிரம் மீட்டருக்கு மேல் சுவர்போல எழும்பி நிற்கிறது; உதகையிலிருந்து கல்லட்டி வழியாக இறங்கும் சாலை முப்பத்தாறு கொண்டையூசி வளைவுகளைப் போட்டுத்தான் கீழே வந்து சேர்கிறது. வடக்கே மாயாறு பாறையைக் குடைந்து ஆழமான பள்ளத்தாக்கில் ஓடுகிறது. மேற்கே முதுமலையும் பந்திப்பூரும் வயநாடும் நாகரஹொளேயும்; கிழக்கே சத்தியமங்கலமும் பிலிகிரிரங்கன் மலையும், அவற்றுக்கப்பால் தொடரும் கிழக்குத் தொடர்ச்சி மலைகளும். இந்த இரண்டு பெருங்காடுகளுக்கும் நடுவில், மலைச்சுவருக்கும் ஆற்றுப் பள்ளத்துக்கும் இடையே, முட்புதரும் வறண்ட இலையுதிர்காடுமாகக் கிடக்கும் ஒடுங்கிய நிலப்பரப்புதான் சீகூர். அதன் மிகக் குறுகலான பாகத்தில்தான் மசினகுடி, பொக்காபுரம், மாவனல்லா, வாழைத்தோட்டம் ஆகிய ஊர்களும், சிங்காராவின் மின் நிலையமும், அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாய்களும், அவற்றை ஒட்டி ஏற்பட்ட குடியிருப்புகளும் அமைந்திருக்கின்றன. மாடு மேய்த்தும், சாணம் விற்றும், ராகியும் காய்கறியும் பயிரிட்டும் ஜீவனம் செய்த அந்த ஊர்களுக்கு வருஷத்துக்கு ஒரு முறை பொக்காபுரம் மாரியம்மன் திருவிழாவுக்குத்தான் வெளியூர்க் கூட்டம் திரளும் என்றிருந்த காலம் ஒன்று உண்டு.

யானைகள் இந்த வழியில் ஏன் வருகின்றன என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. தென்மேற்குப் பருவமழை மேற்குப் புறத்துக் காடுகளை நனைக்கிறது. வடகிழக்குப் பருவமழை கிழக்குப் புறத்தைப் பசுமையாக்குகிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ நூற்றைம்பது கிலோ தீனியும் நூறு லிட்டருக்குமேல் தண்ணீரும் தேவைப்படும் பிராணி, இரண்டு மழைகளின் பின்னாலும் நடந்தால்தான் உயிர் பிழைக்கும். இப்பகுதியில் கழுத்துப்பட்டை மாட்டி ஆராய்ந்தவர்கள், ஒரு யானைக் குடும்பம் சஞ்சரிக்கும் எல்லை ஐந்நூறு சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்டது என்று கண்டார்கள். முதுமலைப் புலிகள் காப்பகத்தின் உட்பகுதியோ மொத்தம் 321 சதுர கிலோமீட்டர்தான். ஒரே ஒரு குடும்பத்துக்குக்கூட ஒரு காப்பகம் போதவில்லை என்றால், காப்பகத்தின் எல்லைக்கல்லோடு வனபரிபாலனம் முடிந்துவிடுகிறது என்ற நமது நம்பிக்கை எவ்வளவு பலவீனமானது! ஆசிய யானைகளின் ஆகப் பெரிய கூட்டம் உலகத்திலேயே நீலகிரியும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் சேர்ந்த இந்தப் பரப்பில்தான் இருக்கிறது. அந்தக் கூட்டத்தின் இரு பாதிகளையும் சேர்த்து வைத்திருப்பவை சீகூர் போன்ற சில குறுகிய இணைப்புகளே.

இவையெல்லாம் நேற்றுக் கண்டுபிடித்த உண்மைகள் அல்ல. வேட்டைத் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு வன சம்ரட்சணைக்கு வந்த நீலகிரி வழக்கறிஞர் இ.ஆர்.சி. டேவிதார், சீகூரிலேயே நிலம் வாங்கி வாசம் செய்து, 1970களில் இம்மாவட்டத்து யானை வழித்தடங்களைக் கால்நடையாகவே ஆராய்ந்து எழுதி வைத்தார். அவருக்குப் பின் வந்த விஞ்ஞானிகள் அந்த வரைபடத்தைச் செப்பனிட்டார்கள். 2005இல் வெளிவந்த அகில இந்திய வழித்தடத் தொகுப்பு 88 வழித்தடங்களை அடையாளம் காட்டியது. 2017இல் அது 101 ஆயிற்று. மத்திய அரசே 2023இல் வெளியிட்ட அறிக்கையில் 150 ஆயிற்று. ஆகவே எங்கே வழித்தடம் இருக்கிறது என்று தெரியாத குறை நமக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. தெரிந்த விஷயம் கட்டட அனுமதி தரும் மேஜைக்கு வந்து சேரவில்லை என்பதுதான் குறை.

சேராததன் பலன் என்ன ஆயிற்று என்று பாருங்கள். சுற்றுலா செழிக்கத் தொடங்கியபின் சீகூரில் ஒவ்வொரு பட்டா நிலமாக விலை போயிற்று. ராகி விளைந்த இடத்தில் குடில்கள் முளைத்தன. குடில்களைச் சுற்றி மின்வேலி வந்தது. இரவில் விளக்கும் பாட்டும் வந்தன. 2008இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தாக்கலான பிறகு, 2010 ஆகஸ்ட் 31இல் மாநில அரசு சீகூர் யானை வழித்தடத்தை அரசாணையாக அறிவித்தது. 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. விடுதி உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் சென்றார்கள். மாவட்ட ஆட்சியரின் அறிக்கையைப் பார்த்த உச்ச நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் பல விடுதிகளுக்குச் சீல் வைக்கச் சொல்லிற்று. 2020 அக்டோபர் 14இல் அரசாணை செல்லும் என்று முடிவாகத் தீர்ப்பளித்து, தனித்தனி ஆட்சேபங்களை விசாரிக்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி கே.வெங்கட்ராமன் தலைமையில் குழு அமைத்தது. அக்குழுவின் விசாரணையும் வருஷக்கணக்கில் நடந்தது. வழக்குப் போட்டதிலிருந்து தீர்ப்பு வரையில் பன்னிரண்டு வருஷம். டேவிதாரின் ஆராய்ச்சியிலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ ஐம்பது வருஷம்.

தீர்ப்பு சரியானது, அதைப் பற்றி எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சட்டையைத் தைத்து முடித்த பிறகு உடம்பை அளக்கும் தையற்காரனின் சாமர்த்தியம்தான் இதில் வெளிப்படுகிறது. கட்டிய பிறகு இடிப்பதில் முதலீடு செய்தவனுக்கு நஷ்டம். விடுதியில் பாத்திரம் துலக்கியும் ஜீப் ஓட்டியும் பிழைத்த உள்ளூர் இருளருக்கும் குறும்பருக்கும் மற்றவர்களுக்கும் வேலை நஷ்டம். நீதிமன்றத்துக்குக் காலம் நஷ்டம். இத்தனை வருஷமும் வேலிகளுக்கிடையே சந்து தேடி அலைந்த யானைக்கு நேர்ந்த நஷ்டத்தைக் கணக்கிட யாரும் இல்லை. இதற்கு மாறான உதாரணம் ஒன்றும் அதே சிங்காராவில் உண்டு. நியூட்ரினோ ஆய்வகத்தை அங்கே மலைக்குள் அமைக்கலாம் என்று விஞ்ஞானிகள் திட்டமிட்டபோது, அது யானை வழித்தடத்தையும் புலிகள் காப்பகத்தையும் பாதிக்கும் என்று கூறி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2009இல் அனுமதி மறுத்தது. திட்டம் தேனி மாவட்டத்துக்கு நகர்ந்தது. அங்கே அது வேறு சர்ச்சைகளைச் சந்தித்தது என்பது தனிக் கதை. நாம் கவனிக்க வேண்டியது, சிங்காராவில் ஒரு செங்கல் விழுவதற்கு முன்பே காகிதத்தில் எடுத்த தீர்மானத்தால் யாருடைய சுவரும் இடிபடவில்லை என்பதே.

சட்டம் போதாது என்று சொல்வதற்கும் இடமில்லை. தனியார் காடுகளை விற்கவும் வெட்டவும் கட்டுப்பாடு விதிக்கும் சட்டம் 1949லேயே சென்னை ராஜதானியில் வந்துவிட்டது. 1971இன் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், நகரங்களுக்கு முழுமைத் திட்டம் வகுப்பதோடு நில்லாமல், பல தாலுகாக்களைச் சேர்த்து மண்டலத் திட்டம் வகுக்கவும் அதிகாரம் தருகிறது. ‘ஹாகா’ என்று சுருக்கமாக வழங்கும் மலைப்பகுதிப் பாதுகாப்பு அமைப்பு 1990இல் ஏற்பட்டது. பட்டியலிட்ட மலைக்கிராமங்களில் மனை பிரிப்பதற்கும் கட்டுவதற்கும் அதன் இசைவு அவசியம். வன உரிமைச் சட்டம் 2006இல் வந்து, காட்டை நம்பி வாழும் மக்களின் கிராம சபைக்கு அந்தஸ்துக் கொடுத்தது. இத்தனை சட்டங்களும் ஒன்றையொன்று பார்க்காமல் தனித்தனி அறைகளில் உட்கார்ந்திருக்கின்றன.

அனுமதி கோரும் கோப்பு ஒன்று மலை மாவட்டத்தில் எப்படி நகர்கிறது என்று கவனித்தால் இது விளங்கும். கனிமவளத் துறை மண்ணின் தன்மையைப் பார்க்கிறது. வேளாண் பொறியியல் துறை மண்ணரிப்பைப் பார்க்கிறது. வனத்துறை அந்தப் புல எண் காப்புக்காட்டை ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிறது. ஊராட்சி வரி வருமா என்று பார்க்கிறது. ஒவ்வொருவரும் தம் முன்னால் கிடக்கும் அந்த அரை ஏக்கரைப் பற்றிய கேள்விக்கு நேர்மையாகவே பதில் எழுதினாலும், பக்கத்துப் புல எண்ணில் போன வருஷம் கொடுத்த அனுமதியோடும் அதற்கடுத்ததில் அடுத்த வருஷம் கேட்கப்போகும் அனுமதியோடும் சேர்த்துப் பார்த்தால் இந்த அரை ஏக்கர் ஒரு வழியை அடைத்துவிடுமா என்ற கேள்வி மட்டும் எந்தப் படிவத்திலும் இல்லை. வழித்தடத்தை எந்தத் தனி மனிதனும் அடைப்பதில்லை. இருபது பேர் ஆளுக்குக் கொஞ்சமாக அடைக்கிறார்கள், இருபது பேரிடமும் ரசீது இருக்கிறது. மனைக்கு மனை பார்க்கும் நிர்வாகத்தால் இதைக் காணவே முடியாது. பிரதேசம் முழுவதையும் ஒரே தாளில் பார்க்கும் மண்டலத் திட்டத்தால்தான் முடியும்.

மலையைப் பற்றிச் சென்னையில் உட்கார்ந்து எழுதுவது எளிது என்று வாசகர் நினைக்கலாம். இந்தக் கட்டுரை எழுதப்படும் கோட்டூர்புரத்துக்கும் இந்த விவகாரத்தில் அனுபவம் உண்டு. காந்தி மண்டபம் சாலையின் இரு பக்கமும் நீண்டிருந்த கிண்டிக் காடு ஒரு காலத்தில் ஐந்நூறு ஹெக்டேருக்கு மேற்பட்டது, ஐ.ஐ.டி.க்கும், பிறகு கல்வி நிலையங்களுக்கும் நினைவு மண்டபங்களுக்குமாகப் பகுதி பகுதியாகக் கொடுத்ததுபோக, 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கும்போது எஞ்சியது ஏறத்தாழ 270 ஹெக்டேர். கொடுத்த ஒவ்வொன்றும் நல்ல காரியத்துக்கே கொடுக்கப்பட்டது. ஆனாலும் இன்று புள்ளிமானும் வெளிமானும் ஆளுக்கொரு மதிலுக்குள் வாழ்கின்றன. அடையாற்றின் கதையும் அப்படித்தான்: வெள்ளம் பரவும் சமவெளியில் வீடு கட்ட அனுமதி தந்துவிட்டு, 2015 டிசம்பரில் ஆறு தன் பழைய இடத்தைத் தேடி வந்தபோது, கோட்டூர்புரத்தில் வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளில் இருந்த ஏழை ஜனங்கள்தான் முதலில் மூழ்கினார்கள். போகும் வழியை விட்டுவைத்துத் திட்டமிட வேண்டும் என்ற பாடம் தண்ணீரின் மூலம் நமக்கு நன்றாகவே போதிக்கப்பட்டிருக்கிறது.

சென்னைக்கு இன்னொரு சம்பந்தமும் உண்டு, அது அவ்வளவு கௌரவமானதல்ல. மலையடிவாரத்தில் பண்ணை வீட்டு மனை வாங்குகிறவர்களில் கணிசமானோர் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் வசிக்கும் நம்மவர்களே. வாங்குகிறவர் தாய்ப்பத்திரம் பார்க்கிறார், பட்டா பார்க்கிறார், முப்பது வருஷத்துக்கு வில்லங்கச் சான்று எடுக்கிறார், வக்கீலிடம் அபிப்பிராயம் கேட்கிறார். எல்லாம் சுத்தமாக இருக்கிறது. அந்த மனைமீது தலைமுறை தலைமுறையாக ஒரு யானைக் குடும்பம் நடந்துபோகிறது என்ற வில்லங்கம் மட்டும் எந்தச் சான்றிலும் பதிவாகவில்லை. அடமானத்தைப் பதிவு செய்ய வழி கண்ட பதிவுத்துறைக்கு இதையும் பதிவு செய்யத் தெரியாதா? தெரிந்தே வாங்கினேன் என்றும் தெரியாமல் ஏமாந்தேன் என்றும் நீதிமன்றத்தில் வாதிடுகிறவர்களைப் பிரித்தறிய அதைவிட நேரான உபாயம் இல்லை.

சீகூரில் காலம் கடந்துவிட்டது. கோவையைச் சுற்றி இன்னும் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. மேட்டுப்பாளையத்துக்கு அப்பால் கல்லாற்றில், கோவைக் காடுகளிலிருந்து நீலகிரியின் கிழக்குச் சரிவுக்கும் அங்கிருந்து சிறுமுகைப் பக்கமும் போகும் யானைகள், உதகைச் சாலை, மலை ரயில் பாதை, பாக்குத் தோப்புகள், அரசுப் பழப்பண்ணை இவற்றுக்கு நடுவே வழி கண்டுபிடித்து நடக்கின்றன. மதுக்கரைக்கும் வாளையாறுக்கும் இடையே ரயில் பாதை காட்டை அறுத்துக்கொண்டு செல்கிறது. 2021 நவம்பர் 26 இரவில் நவக்கரை அருகே மூன்று யானைகள் ஒரே ரயிலில் அடிபட்டு மாண்டன. அதற்குப் பின் சுரங்கவழிகள் கட்டப்பட்டன. செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் 2024இல் வைக்கப்பட்டன. அவை நற்பலன் தருகின்றன. தடாகம் பள்ளத்தாக்கிலோ செங்கல் சூளைகள் நூற்றுக்கும் மேற்பட்டவை செம்மண்ணைத் தோண்டித் தோண்டி யானை நடக்கும் தரையையே குழியாக்கிவிட்ட பிறகுதான் 2021இல் மூடப்பட்டன. கோவைக்கான முழுமைத் திட்டம் 1994க்குப் பிறகு இப்போதுதான், 2041ஐ இலக்காக வைத்துத் தயாராகியிருக்கிறது. இத்தகைய திட்டம் தலைமுறைக்கு ஒரு முறை வருவது. அதில் கல்லாறும் தடாகமும் மதுக்கரையும் ஒரே தொடராகக் காணப்படாவிட்டால் அடுத்த சந்தர்ப்பத்துக்கு நம் பேரப்பிள்ளைகள்தான் காத்திருக்க வேண்டும்.

கோடு போடுவது அவசியம் என்பதால் யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் போட்டுவிடலாம் என்று அர்த்தமல்ல. 2024 வசந்தத்தில் வனத்துறைக் குழுவின் வரைவு அறிக்கை மாநிலத்தில் 42 யானை வழித்தடங்களைக் காட்டியபோது, கூடலூர் பகுதியில் பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. கருத்துக் கூறத் தந்த அவகாசம் மிகக் குறுகியது என்ற முறையீடும் எழுந்தது. கூடலூர்க்காரர்களின் பயத்தை அறியாமை என்று தள்ளிவிடக் கூடாது. 1969ஆம் வருஷத்து ஜன்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகும் அங்கே பல்லாயிரம் ஏக்கர் நிலத்தின் பாத்தியதை தீராத வழக்காகவே கிடக்கிறது. இலங்கையிலிருந்து ஒப்பந்தப்படி அனுப்பப்பட்டு வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் இருக்கின்றன. பட்டாவும் இல்லாமல் மின் இணைப்பும் இல்லாமல் காலம் தள்ளியவர்களிடம் போய், உங்கள் வீடு வழித்தடத்தில் இருக்கிறது என்று ஒரு வரைபடத்தை நீட்டினால், வெளியேற்றத்துக்கு அது முன்னுரை என்று அவர்கள் எண்ணுவதில் வியப்பென்ன? மேற்குத் தொடர்ச்சி மலை பற்றி 2011இல் அறிக்கை தந்த மாதவ் காட்கில் குழு, மலையை மூன்று தரங்களாகப் பிரித்ததோடு, கிராம சபைகளின் சம்மதத்தோடுதான் எதுவும் நடக்க வேண்டும் என்று வற்புறுத்தியது. அறிக்கையை எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களும் முதல் பாதியைப் பற்றியே சண்டையிட்டு இரண்டாம் பாதியை மறந்தார்கள்.

வழித்தடம் என்றால் ஊரைக் காலி செய்வது என்ற எண்ணமே முதலில் மாற வேண்டும். யானைக்குத் தடை மனிதன் அல்ல. மதிலும் மின்வேலியும் இரவு வெளிச்சமும் ஆழத் தோண்டிய குழியுமே தடை. வேலியில்லாத மேய்ச்சல் நிலமும், தேயிலைத் தோட்டமும், ஓடைக்கரைச் சோலையும் அதற்குத் தடையல்ல. வால்பாறையைப் பாருங்கள்: ஏறக்குறைய 220 சதுர கிலோமீட்டர் பீடபூமியில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே பல்லாயிரம் பேர் வசிக்கிறார்கள், நடுஆறு, சோலையாறு கரைகளில் மிஞ்சியிருக்கும் மரச்செறிவுகளை ஒட்டி யானைகள் நடக்கின்றன, அவை எங்கே நிற்கின்றன என்று குறுஞ்செய்தியிலும், உள்ளூர்த் தொலைக்காட்சியின் ஓடும் வரியிலும், முச்சந்தியில் எரியும் சிவப்பு விளக்கிலும் தொழிலாளிக்குத் தகவல் போய்விடுகிறது. இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் ஊர்மக்களோடும் வனத்துறையோடும் தோட்ட நிர்வாகங்களோடும் சேர்ந்து ஏற்படுத்திய இந்த ஏற்பாட்டில் யாரும் குடிபெயரவில்லை. ஆகையால் திட்டத்திலும் தரம் பிரிக்க வேண்டும்: சில நூறு மீட்டர் அகலமே மிஞ்சிய இடுக்குகளில் புதுக் கட்டுமானம் அறவே கூடாது; அதையடுத்த நிலத்தில் விவசாயம் உண்டு, வேலி இல்லை; அதற்கும் அப்பால் வீடு உண்டு, மதிலுக்கும் இரவு விளக்குக்கும் வரம்பு உண்டு. இவ்வளவு தெளிவாகச் சொன்னால் நியாயமான விவசாயி எவரும் ஆட்சேபிக்க மாட்டார்.

இடுக்கிலேயே நிலம் வைத்திருப்பவருக்கு என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. ஊரார் அனைவரின் நன்மைக்காக ஒருவர் கட்டாமல் இருக்க வேண்டுமானால், அந்தத் தியாகத்தின் விலையை ஊரார் கொடுக்க வேண்டும். நகரத்தில் சாலை விரிவாக்கத்துக்கு இடம் விட்டவருக்கு வேறிடத்தில் கட்டும் உரிமையைத் தருகிறோமே, அதை மலைக்கும் நீட்டலாம். கொள்ளேகால் அருகே எடையாரஹள்ளி–தொட்டசம்பிகே வழித்தடத்தில் இருபத்தைந்து ஏக்கர் சொச்சத்தைத் தொண்டு நிறுவனங்கள் விலைக்கு வாங்கிக் கர்நாடக வனத்துறையிடம் ஒப்படைத்தன. வயநாட்டின் திருநெல்லி–குதிரக்கோட்டு வழித்தடத்தில் சில குடியிருப்புகளின் மக்கள் தாங்களாகவே இசைந்து வேறிடத்தில் வீடும் நிலமும் பெற்றுப் போனார்கள். இரண்டிலும் அளவு சிறியது, காலம் நீண்டது. எனினும் போலீஸ் இல்லாமல் காரியம் முடிந்தது.

வெளிதேசங்களில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்பதையும் ஒரு பார்வை பார்க்கலாம். பூட்டான் 1999இல் தன் காப்பகங்களை ஒன்றோடொன்று சேர்க்கும் வழித்தடங்களையும் காப்பகங்களோடு சேர்த்தே அறிவித்துவிட்டது. நம்மைப்போலவே ஜனநெருக்கமும் சாலையும் விடுதியும் நிறைந்த மலைநாடான சுவிட்சர்லாந்து, பிராந்திய எல்லையைக் கடந்த முக்கியத்துவமுள்ள ஏறத்தாழ முந்நூறு வனவிலங்கு வழித்தடங்களைப் பட்டியலிட்டது. அவற்றை அங்குள்ள மாகாணங்கள் தங்கள் நிலத் திட்டங்களில் சேர்த்துக்கொள்கின்றன, அப்படிச் சேர்ந்தது அதிகாரிகளைக் கட்டுப்படுத்துகிறது. ஒரு கிராமசபை தொழிற்பேட்டை அமைக்கப் புறப்படும்போதே அந்தக் கோடு கண்முன் நிற்கிறது. கனடாவின் பான்ஃப் பூங்காவில் நெடுஞ்சாலைக்கு மேல் கட்டிய பசுமைப் பாலங்களின் படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பாலத்தின் இருபுறமும் நிலம் திறந்திருப்பதால்தான் அது பிரயோஜனப்படுகிறது என்பது படத்தில் தெரியாது.

யானைகள் பெருகிவிட்டனவே, இன்னும் எதற்கு இந்த ஆரவாரம் என்று சிலர் கேட்கிறார்கள். தமிழ்நாட்டுக் கணக்கெடுப்பில் 2017இல் 2,761 ஆக இருந்த யானைகள் 2023இல் 2,961 ஆகவும், 2025இல் 3,170 ஆகவும் மதிப்பிடப்பட்டன என்பது மெய். எண்ணிக்கை கூடிய காலத்தில் இடம் குறுகினால் மோதல் கூடும் என்பதுதான் அதிலிருந்து தேறும் முடிவு. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே கள்ள மின்வேலியில் மூன்று யானைகள் ஒரே இரவில் மடிந்தன. இரவில் வயலுக்குக் காவல் போன விவசாயி மிதிபட்டுச் சாகும் செய்தியும் மாதம் தவறாமல் வருகிறது. வழி அடைபட்ட யானை வாழையையும் தென்னையையும் நாடி வரும். ஆகவே வழித்தடம் யானைக்குச் செய்யும் உபகாரம் என்பதைவிட, காட்டோரத்து ஏழை விவசாயிக்குச் செய்யும் உபகாரம் என்றால் அதிகப் பொருத்தம்.

செய்ய வேண்டிய காரியங்கள் பெரியவையுமல்ல, புதியவையுமல்ல. முதலாவது, 1971ஆம் வருஷத்துச் சட்டத்தின்கீழ் மலை மாவட்டங்களுக்கு மண்டலத் திட்டம் வகுத்து, அதில் வழித்தடங்களைப் புல எண் வாரியாகக் குறித்து, தமிழில் அச்சிட்டு, ஒவ்வொரு கிராம சபையிலும் விரித்துக் காட்டி, வழக்கமாக யானை வரும் இடம் எதுவென்று அங்குள்ளவர்களிடமே கேட்டுத் திருத்த வேண்டும். வேட்டைத் தடுப்புக் காவலராக இருக்கும் இருளருக்கும் குறும்பருக்கும் தெரிந்தது துணைக்கோள் படத்துக்குத் தெரியாது. இரண்டாவது, முடிவான கோட்டைப் பதிவுத்துறையின் ஏட்டில் ஏற்றி, வில்லங்கச் சான்றில் அச்சாகச் செய்ய வேண்டும். மூன்றாவது, சாலை, ரயில், மின்கம்பி, கால்வாய் போடும் எல்லாத் துறைகளும் தங்கள் திட்டத்தை அந்தத் தாளின்மேல் வைத்துப் பார்த்த பிறகே மதிப்பீடு தயாரிக்க வேண்டும். நான்காவது, யானைக்கு மாநில எல்லை தெரியாதாகையால், கேரளமும் கர்நாடகமும் தமிழ்நாடும் எல்லையோரத் தாள்களை ஒட்டவைத்துப் பார்க்கும் நிரந்தர ஏற்பாடு வேண்டும். பந்திப்பூர்ச் சாலையில் 2009 முதலும் திம்பம் மலைச்சாலையில் 2022 முதலும் இரவுப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்த முடிந்தது என்றால், இதுவும் முடியும்.

இவற்றுக்கு ஆகும் செலவு, சீகூர் வழக்கில் எல்லாத் தரப்பாரும் சேர்ந்து வக்கீல்களுக்குக் கொடுத்ததைவிடப் பெரிதாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. செங்கோட்டைக் கணவாய் வழியே அகத்தியமலையையும் பெரியாற்றுக் காட்டையும் சேர்க்கும் நிலம் இன்னும் முற்றாக அடைபடவில்லை. கல்லாற்றில் இடுக்கு இன்னும் மூடவில்லை. தடாகத்தில் குழிகளை நிரவ இன்னும் வழியிருக்கிறது. இந்த இடங்களில் ஏக்கர் விலை வருஷத்துக்கு வருஷம் ஏறுகிறது. விலை ஏறிய நிலத்தில் நியாயம் பேசுவது எவ்வளவு சிரமம் என்பதை மசினகுடியில் பார்த்துவிட்டோம். அடுத்த மலைத் திட்டத்தில் கையெழுத்திடப்போகும் அமைச்சர் அந்தத் தாளைப் புரட்டி, விலங்கு போகும் வழி இதில் எங்கே என்று கேட்கட்டும். காட்ட முடியாவிட்டால், கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பட்டும்.